லிஃப்ட்

இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தில்
லிஃப்ட் நின்றுவிட்டதென்று
காலை ஆறே காலுக்கு போன்.
நவம்பர் மாதக் கிளாஸ்கோவில்
ஆறே கால் என்பது இன்னும் நேற்றுதான்.

கதவில் நகராட்சி ஒட்டிய தாள்:
வருந்துகிறோம்.
அதன் கீழே யாரோ பேனாவில்:
நாங்களும்.

இஷ்பெல் ரென்னிக்குப் பதினேழாவது மாடி.
ஒன்பதாவது திருப்பத்தில்
பால் பாட்டிலை மடியில் வைத்தபடி
படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.
"உன் லிஃப்ட்" என்றாள்,
என் நாய் அவளைக் கடித்துவிட்டதுபோல.

அப்புறம், மூச்சு வந்ததும்,
மகனைச் செவ்வாய்க்கிழமை லிஃப்ட் செய்துவிட்டார்கள் என்றாள்.

எங்கள் ஊரில் போலீஸ் கைது செய்யாது.
லிஃப்ட் செய்யும்.
நின்ற நிலையில் தூக்கிக்கொண்டு போகும்.

எதற்கு என்றேன்.
கடையில் எதையோ லிஃப்ட் செய்ததற்கு.
எதை?
"ஷூ. கண்ணாடிக்கு முன்னால் அடுக்கியிருப்பார்களே, அந்த ஷூ.
இரண்டு எடுத்திருக்கிறான்.
இரண்டும் வலது கால்."

சிரிக்கக் கூடாதென்று
டார்ச்சைச் சரிபார்த்தேன்.
அவள்தான் முதலில் சிரித்தாள்.

மொட்டை மாடி மோட்டார் அறையில்
பிரேக் சுருள் கருகியிருந்தது.
மாற்ற இரண்டு மணி நேரம்.
சன்னல் வழியே தெரிந்ததெல்லாம்
ஈரச் சாம்பல்.

மோர்வென், என் மனைவி, வடகிழக்குக்காரி.
அவள் பக்கத்து ஜனங்கள்
உருளைக்கிழங்கை மண்ணிலிருந்து லிஃப்ட் செய்வார்கள்.
சவப்பெட்டி வீட்டைவிட்டுக் கிளம்புவதும் லிஃப்ட்.
வானத்துக்கும் அதே பெயர்.
கல்யாணமான புதிதில், திரையை விலக்கி,
"லிஃப்ட் இன்று ரொம்பத் தாழ்ந்திருக்கிறது" என்பாள்.
நான் கருவிப்பெட்டியை எடுப்பேன்.

ஒன்பதேகாலுக்கு ஓடியது.
முதல் சவாரியிலேயே இறங்கி வந்தாள் இஷ்பெல்,
நல்ல கோட்டு, உதட்டுச் சாயம்,
கையில் பிளாஸ்டிக் பை.
பத்து மணிக்கு நீதிமன்றமாம்.
"உன் வேனில் ஒரு லிஃப்ட்..."
பாதியில் நிறுத்திவிட்டாள்.
கேட்கப் பழகாத வாய்.

ஆற்றைக் கடக்கும்வரை பேசவில்லை.
மூடுபனியும் எழும்பவில்லை.
சிவப்பு விளக்கில் நின்றபோது
பையில் என்ன என்றேன்.
"அவன் ஷூ. பதினோராம் எண்.
கதவைத் தட்டியபோது டீ போட்டுக்கொண்டிருந்தான்.
வெறும் சாக்ஸோடு
கூட்டிப் போய்விட்டார்கள்."

பிறகு விளக்கு பச்சையாகி
பின்னால் ஹாரன் அடிக்கும்வரை
இரண்டு பேரும் பார்க்கவில்லை.

நீதிமன்ற வாசலில் கல்படிகள்.
உள்ளே லிஃப்ட் உண்டா என்றாள்.
உண்டு, நாங்கள் போட்டதல்ல என்றேன்.
"அப்படியானால் ஓடும்" என்றாள்,
கதவைச் சாத்தினாள்.
படியேறிப் போனாள்,
பை ஒவ்வொரு படிக்கும்
முழங்காலில் இடித்தது.

வண்டியைக் கிளப்பாமல்
கண்ணாடிக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.
லிஃப்ட் ரொம்பத் தாழ்ந்திருந்தது,
கூரைகளைத் தொடும் அளவுக்கு.

பழக்கதோஷம்,
கை பின்சீட்டில்
கருவிப்பெட்டியைத் தடவியது.