பைபாஸில் இறங்கியவள்

நாகர்கோவில் வண்டி ஊருக்குள் வராது.
"வெரசா எறங்கும்மா" என்று
மேம்பாலத்தடியில் உதிர்த்துவிட்டு
விசில் கொடுப்பார் கண்டக்டர்.
மணி பத்தே முக்கால்.
மூன்றடைப்புக்குள் போகும் சர்வீஸ் ரோட்டில்
எரிவது ஒற்றை விளக்கு,
அதுவும் யோசித்து யோசித்து.

மடித்து வைக்க நேரமில்லாத வெள்ளைக் கோட்டு
உடம்பிலேயே இருந்தது.
கொண்டை அவிழ்ந்ததில் என் பங்கு ஏதுமில்லை,
பஸ் ஜன்னல், ஆனிக் காற்று.
டிபன் டப்பாவை இடுப்போடு
அணைத்துக்கொண்டு நடந்தேன்,
பையில் அறுந்திருந்தது ஜிப்.

பைக்கில் மூன்று பேர்.
முதலில் கடந்து போனார்கள்.
பிறகு வெளிச்சம் திரும்பியது.

செல்லில் நாலு சதவீதம்.
அவசர ஆப்பைத் தொட்டால்
அப்டேட் செய்யவா என்று கேட்டது.

"பேரென்னட்டி?"

லேபில் நான் ஈஷா.
மேனேஜர் வாய்க்கு வசதியாக வைத்துக்கொண்டது.
என்னவோ அன்றைக்கு
ரேஷன் கார்டில் இருக்கிற மாதிரியே வந்தது:
"இசக்கி."

சைலன்சர் ஒருதரம் இருமியது.
"எங்கேருந்து வாரே?"
பாலத்தடியைக் காட்டினேன்.
அங்கே, ரோடு போட்டவர்கள் இடிக்காமல்
வளைந்துபோன பீடம் ஒன்று உண்டு.
சத்தியமாக அது என் நினைவில் இல்லை.

"என்ன சோலி பாக்கே?"
"ரத்தம் எடுக்கது."

வண்ணார்பேட்டையில்,
வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று,
நாளைக்கு அறுபது எழுபது பேரிடம்
என்று சொல்லி முடிக்குமுன்
கடைசியில் இருந்தவன்
நடுவில் இருந்தவன் தோளைப் பிடித்துவிட்டான்.

அப்போதுதான் எனக்கே விளங்கியது
அந்த வெளிச்சத்தில் நிற்பது யாரென்று.
மிச்சத்தை அவளே கேட்டாள், என் தொண்டையில்:

"அண்ணாச்சி,
கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கா?"

"எடுல, வண்டிய எடுல, சவமே..."

நீலவார்ச் செருப்பு ஒன்று மட்டும்
ரோட்டில் மல்லாந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் கதை நெல்லை வந்து சேர்ந்தது,
லேபுக்குக் கீழே டீக்கடைக்கு.
ஆற்றிக்கொண்டே சொன்னார் சொள்ளமுத்து:
ஏழடி இருந்தாளாம்.
கால் தரையில் பாவலையாம்.
இடுப்பில் கள்ளிக்கொம்புப் பிள்ளையாம்.
(டிபன் டப்பா என்று நான் திருத்தவில்லை.)
ஒருத்தனுக்கு இன்னும் காய்ச்சல் எறங்கலையாம்.
"டெங்கு பாக்கச் சொல்லுங்க" என்றேன்.
பார்த்தாச்சாம்.
மேலே, எங்களிடம்தானாம்.

நானேதான் குத்தியிருப்பேன்.
பயந்தவர்கள் கையை நீட்டிவிட்டு
முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொள்வார்கள்.
ஊசி பிடித்திருப்பவளை
ஒருவரும் பார்ப்பதில்லை.

ஆடிச் செவ்வாய் பாலத்தடியில் இறங்கினால்
பீடத்துக்கு மஞ்சணை அப்பியிருந்தது,
பச்சை ஈரத்தோடு.
சிவப்பு வளையல்கள்.
அரளி.
ஓரமாக, காற்றில் பறக்காமலிருக்கக் கல் வைத்து,
பிரிக்காத சுண்ணாம்புப் பாக்கெட் ஒன்று,
அஞ்சு ரூபாய் ஸ்டிக்கரோடு.

எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.
தப்பா சரியா தெரியவில்லை.
கேட்டதென்னவோ நான்தானே.

அவளும் ராத்திரி வழியில்
கூட வந்த ஒருத்தனை நம்பிப் போனவள்தான்.
நகைக்காகத் தலையில் கல்லைப் போட்டான்
என்று கொடைக்குக் கொடை வில்லடித்துச் சொல்கிறார்கள்,
மைக் வைத்து, நாலு தெருவுக்கும் கேட்க.
கேட்டுவிட்டு ஆண்கள்
அவளுக்குத்தான் பயப்படுகிறார்கள்.

சார்ஜருக்குப் பக்கத்தில் கிடக்கிறது அந்தப் பாக்கெட்.
வழியில் அவள் கேட்டால் கையால் கொடுக்காதே,
இரும்பில் வைத்து நீட்டு என்பது ஊர் வழக்கம்.
இருக்கட்டும்.
ஒருநாள் இந்த விளக்கும் யோசிக்காமல் அணைந்துபோய்
பாலத்தடியில் அவள் நின்றால்
கையாலேயே கொடுப்பேன்.
பேர் கேட்க மாட்டேன்.
எங்கேருந்து வாரே என்று
கேட்கவே மாட்டேன்.