கடன் நோட்டில் குளிர்காலம்

சரக்குப் பெட்டகம் ஒன்றுதான் என் கடை.
முழுக்க இரும்பு. ஜனவரியில் பூட்டைத் தொட்டால்
விரலின் தோல் பூட்டோடு போய்விடும்.
கையுறையோடுதான் கணக்கு எழுதுகிறேன்;
என் எண்களெல்லாம் கொஞ்சம் குண்டு.

முர்காப் கடைத்தெருவில் நின்றால் ஒரு மரம் தெரியும்,
பள்ளிக்கூடச் சுவரில் வரைந்தது.
போன வருஷம் அதற்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள்.

சீனத்து லாரிகள் போகின்றன.
டயர் வெடித்தால் மட்டும்
நாங்கள் ஓர் ஊர்.

ஒரோஸ்மமத் பேரில் மாவு இரண்டு மூட்டை.
பனி போதாத வருஷம்.
புல் குளம்பு மறையும் அளவுக்குக்கூட எழவில்லை.
அக்டோபரில் அவன் யாக்குகளின்
விலா எலும்பை எண்ணலாம்.
ஓஷிலிருந்து வந்த வியாபாரி எண்ணினான்,
எண்ணிய கணக்குக்கு விலையைக் குறைத்தான்.

சைனகுல் பேரில் சர்க்கரை, சோப்பு, பிள்ளைக்குக் காலணி.
அவள் கணவன் மாஸ்கோவுக்கு அப்பால்
பதினேழாவது மாடிக்குக் கண்ணாடி மாட்டுகிறான்.
அங்கே ரூபிள் சரிந்தால்
இங்கே அவள் தேநீரில் ஒரு கட்டி குறையும்.
வானத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.
கைபேசியைப் பார்க்கிறாள்.

இந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும்.
அரிசிதான் வேகாது.

நேற்று ஒரோஸ்மமத் வந்தான். பணமில்லை.
ஜீப்புக்குப் பின்னால் தெரெஸ்கென் செடி,
வேரும் மண்ணுமாய், ஒரு பாரம்.
“இதை வைத்துக்கொண்டு ஒரு மூட்டையை அடித்துவிடு.”

முன்பெல்லாம் ஊர் எல்லையிலேயே பிடுங்கினோம்.
இப்போது போக ஒரு பகல், வர ஒரு பகல்,
அதற்கும் பெட்ரோல் என்னிடம்தான் கடன்.
ஒரு வேரைத் திருப்பிப் பார்த்தேன்,
என் மணிக்கட்டுப் பருமன்.
நான் மணமாகி இங்கே வந்த நாளில்
மண்ணுக்குள் இருந்திருக்கும்.
என் மகன் பிறந்தபோதும், அவன் ரஷ்யா போனபோதும்
அங்கேயே, ஒரு விரல் அளவு வளர்ந்தபடி.

அடுப்பில் அது
ஒரு கெட்டில் தண்ணீருக்கு வந்தது.

அது இத்தனை காலம் பிடித்துவைத்திருந்த மணல்
மதியக் காற்றில் கடைக்குள் வந்தது.
தராசுத் தட்டை ஊதிவிட்டு
லாரிக்காரன் ஒருவனுக்குப் பிஸ்கட் நிறுத்தேன்.

பிறகு நோட்டை எடுத்தேன்.
பேனாவில் மை உறைந்திருந்தது.
அந்த நெருப்பிலேயே காட்டி, உருக்கி,
அவன் பேரில் ஒரு மூட்டையை அடித்தேன்.

மற்றதைப் பற்றி நான் கேட்கவில்லை.
தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு அவனே சொன்னான்:
“வியாழக்கிழமை.
இன்னும் கொஞ்சம் தூரம் போகணும்.”