ஆள்மாறாட்டம்

கூடு விட்டுக் கூடு பாய்வது
சித்தர்களுக்குச் சுலபம்.
வினாடிக்கு அறுபது படம் காட்டியாக வேண்டிய கட்டாயம்
அவர்களுக்கு இல்லை.

பிளாங்காவுக்கு உண்டு.
ஒஸ்த்ராவா நகரம், பொருபா பேட்டை, எட்டாவது மாடி.
நாளெல்லாம் லிஃப்ட் பழுதுபார்த்த விரல்களில்
கிரீஸ் இன்னும் போகவில்லை.
உள்ளங்கை அகலக் கருவி ஒன்றை
அது பிறக்கும் முன்பே செத்துப்போன
வேறொரு இயந்திரம் நீதான் என்று
நம்பவைத்துக்கொண்டிருக்கிறாள்.

நம்பிக்கை நாற்பத்தொன்றில் நிற்கிறது.
ஒரு வினாடிக்கு நாற்பத்தொரு படம்.
ஓடுகிறவன் சேற்றில் ஓடுகிறான்.
இசைக்குள் ஒரு தவளை.
இரண்டு பேட்டரிகளும் காய்ச்சல்கண்ட பிள்ளைபோல் சுடுகின்றன.

சி மொழியில் எழுதிய பாதியைக் கிழித்தாள்.
சிப்பின் காதுக்கு நேரே பேசும் சொற்களில்
திரும்ப எழுதினாள்.
நாற்பத்தெட்டு.
ஒரு கூட்டலைச் சுற்றுக்கு வெளியே தள்ளினாள்.
ஐம்பத்தேழு.
பனி உருகத் தொடங்கிய ஒரு வியாழக்கிழமை
அறுபது.
கொண்டாட வீட்டில் ஊறுகாய் வெள்ளரி மட்டும் இருந்தது.

மூன்றாம் கட்டத்தில் ஒரு கதவு.
சாவி கையில் இருக்கிறது.
கதவு திறக்கவில்லை.

பர்னோவிலிருந்து லுபோர் தொலைபேசியில் சத்தியம் செய்கிறான்,
பின்னால் அவன் குழந்தை வீறிடுகிறது:
"என்னிடம் அசல் இருக்கிறது.
அசலில் திறக்கிறது.
இதோ, இப்போதும் திறந்துதான் கிடக்கிறது."

ஒன்பது இரவு.
ஒவ்வோர் ஆணையாய் நிறுத்தி, விசாரித்து, அனுப்பி,
கடைசியில் பிடித்தாள்:
கதவு திறப்பதற்கு முன் அந்த விளையாட்டு
ஒரு முகவரியைத் தட்டிக் கேட்கிறது.
அந்த முகவரியில் யாரும் இல்லை.
மெமரி இல்லை, சிப் இல்லை, ஒரு பொட்டலும் இல்லை.
எழுதியவன் அவசரத்தில் ஓர் இலக்கம் பிசகியிருக்கிறான்.
பிசகியது தெரியாமலே பெட்டியில் போட்டு விற்றிருக்கிறார்கள்.

காலி என்றால் பூஜ்யம்.
அப்படித்தான் எழுதியிருந்தாள்.
யாரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

சனிக்கிழமை காலை அழைப்புமணி.
கேஸ் மீட்டர் பார்க்க வந்தவர்
"திருமதி ஹவ்ரான்கோவா?" என்றார்.
"ஆமாம், வாருங்கள்" என்றாள்.
நாலு வருடமாக இப்படித்தான்.
முன்பு குடியிருந்தவளை அவள் பார்த்ததில்லை.
மணிக்கு மேல் அந்தப் பெயர்,
பில்லில் அந்தப் பெயர்,
பல் மருத்துவமனை வருடாவருடம் நினைவூட்டுவதும்
அந்தப் பற்களைத்தான்.
விளக்கம் சொல்வதைவிட
'ஆமாம்' சின்னது.
ரசீதில் கையெழுத்திட்டாள்: ஹவ்ரான்கோவா.
இப்போதெல்லாம் கை தயங்குவதுகூட இல்லை.

இதிலிருந்துதான் விடை தோன்றியது என்றால்
கவிதைக்கு வசதியாக இருக்கும்.
அவள் கேட்டால் சிரிப்பாள்.
விடை, குழந்தை தூங்கிய பிறகு
லுபோர் அசலின் முதுகைத் திறந்து
கம்பிக்குக் கம்பி முள் வைத்து அளந்ததில் வந்தது:
யாருமில்லாத முகவரியைக் கேட்டால்
பூஜ்யம் வருவதில்லை.
அந்த வழியே கடைசியாகப் போன எண்
கம்பியில் இன்னும் ஈரமாக இருக்கிறது.
அதுவே திரும்பி வருகிறது,
தானே பதில் என்பதுபோல்.

தவற்றைத் திருத்தலாம்.
திருத்தினால் அது வேறு இயந்திரம்.
அசலின் பிழையை
அசலின் பிழையாகவே,
ஒரு நூலிழை குறையாமல், கூடாமல் செய்ய வேண்டும்.
ஒரே ஒரு வரி சேர்த்தாள்.

கதவு திறந்தது.

உள்ளே ஒரு நீல ஜாடி, ஒரு வௌவால்.
இந்த விளையாட்டு அவளுக்குப் பிடித்ததே இல்லை,
இத்தனை தூரம் வந்ததும் இல்லை.
எந்தப் பொத்தான் குதிக்கும் என்று தேடுவதற்குள்
வௌவால் இறங்கியது.

செத்தாள்.
வினாடிக்கு அறுபது படத்தில்,
தவளை இல்லாத இசையில்,
அசலில் எப்படிச் சாவார்களோ
அச்சுப் பிசகாமல் அப்படி.

லுபோரை எழுப்பிச் சொன்னாள்.