வரம்பின் அகலம்

கொழும்பிலிருந்து வந்த ருவன்
இரண்டு பெட்டிகளைக் காரின் பொனட்டில் வைத்தான்.
ஒன்று மஞ்சள். ஒன்று சாம்பல்.
திறந்ததும் இரண்டும் வானத்தைத் தேடின,
தலைப்பிறை பார்க்கக் கூடிய சனம் போல.

எந்தெந்தச் செய்மதி பிடிக்கும் என்று
அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்:
அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஐரோப்பா,
ஜப்பானும் கொஞ்சம்.
சம்மாந்துறை வட்டைக்குள்
கலந்தர்லெவ்வைக்கும் ஆதங்கண்டுக்கும் நடுவே கிடக்கும்
ஒரு வரம்புக்கு
இத்தனை நாடுகள் சாட்சி.

சாம்பலின் விலைக்கு ஒரு உழவு மிசின் வரும்.
மஞ்சள் அதைவிட ஒரு மோட்டார் சைக்கிள் குறைவு.
"மிசினையே வாங்குகா, அதுவாவது உழும்"
என்றார் என் மனுசன்.
கடன் படிவத்தில் பிணைக் கையொப்பம் அவருடையது.
சிரிக்காமல் கேட்டுக்கொண்டேன்.

திருத்தச் செய்தி போன் கோபுரம் வழியாகத்தானே வரும்,
வட்டைக்குள் ஒரு கோடு சிக்னல்,
அதுவும் காற்று வாக்கில்.
சொந்த ரேடியோ உண்டா?
"எட்டுக் கிலோமீற்றர் போகும், மேடம்."
கடதாசியிலா, தென்னந்தோப்பிலா?
பழுதானால்?
"கொழும்புக்கு அனுப்பினால் போதும்."
அறுவடைக்கு முன் திரும்பி வருமா?
அதற்கு அவன் ஒரு துண்டுப்பிரசுரம் தந்தான்.

தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாதாம்.
பத்மராஜ் கம்பத்தைத் தோள் மாற்றினான்:
"பெட்டிக்கு ஒண்டும் ஆகாது.
வாய்க்காலுக்குள்ள இறங்கி எடுக்கிறது நான்தானே."

பழைய திணைக்களக் கல்லின் மேல் வைத்தோம்.
ஒரு விரல் அகலத்துக்குள் இரண்டும் ஒத்துப்போயின.
திறந்த வெளியில் எவரும் நேர்மையானவர்தான்.
மறுகா மருதமரத்தடிக்குப் போனோம்.
எல்லைக்கல் அங்கேதான் என்று உறுதி சொல்கிறது.
கல் ஒன்றும் சொல்லவில்லை,
அது அங்கே இல்லை.
அளவுக்கென்று ஓர் ஆணி அடித்தேன்.

சாம்பல் பத்து வினாடியில் பிக்ஸ் என்றது.
பிழை இரண்டு சென்றிமீற்றர், பச்சை எழுத்தில்.
ருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.
மஞ்சள், புளோட்.
ஐந்து நிமிடம். புளோட்.
பத்மராஜ் வெற்றிலை போட்டு முடித்தான்.
புளோட்.

ளுஹர் தொழுதுவிட்டு வந்து
அதே ஆணியில் மறுபடி வைத்தேன்.
உச்சி வெயிலுக்குப் பிறகு நம் பக்கத்து வானம் கலங்கும்,
வருகிற வழியிலேயே செய்தி வளையும்.
மேலே மருத இலைகள், கீழே வாய்க்கால் தண்ணீர்,
எல்லாம் தங்கள் பங்குக்குத் தெறிக்கும்.
சாம்பல் பத்து வினாடியில் பிக்ஸ் என்றது.
பிழை இரண்டு சென்றிமீற்றர்.
ஆணி அசையவில்லை.
சாம்பலின் புள்ளி மட்டும்
நாற்பத்தொரு சென்றிமீற்றர் கிழக்கே போயிருந்தது,
ஆதங்கண்டின் நெல்லுக்குள்.

அது ஒரு வரம்பின் அகலம்.
போகத்துக்கு ஒரு மண்வெட்டி வீதம்
கலந்தர்லெவ்வை பதினோரு போகமாய்ச் செதுக்கியதாக
வழக்கில் எழுதியிருக்கும் அகலம்.
இது கையில் சேறு படாமல் செதுக்குகிறது.

மஞ்சள் அப்போதும் புளோட்.
"அது கொஞ்சம் பிடிவாதம், மேடம்.
மென்பொருள் புதுப்பித்தால் சரியாகிவிடும்."
வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

மரத்தடிக்கு அது உதவாது, தெரியும்.
வெளியில் இரண்டு புள்ளி தரும்;
மீதிக்கு நாடாதான்.
ஒரு முனை பத்மராஜ், ஒரு முனை நான்,
அபாயா விளிம்பெல்லாம் சேறு.
சம்பளம் கூட்டிக் கேட்டிருக்கிறான்.
கடனின் முதல் தவணை பதினைந்தாம் திகதி.

நேற்று ஆதங்கண்டு வந்தார்.
சார்ஜில் கிடந்த பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.
"இது என்ட பக்கம் பேசுமா, தங்கச்சி?"
"தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லும், காக்கா."
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"அப்ப கோட்டில
இதச் சாட்சிக் கூட்டில ஏத்த மாட்டாங்களே."