கோல், ஏ.

படிவம் நூற்று நாற்பத்தொன்பதை
மூன்றாம் தடவையாக நிரப்புகிறேன்.
பியோரியாவில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று.
காரில் கிடந்த பேனா எழுத மறுக்கிறது,
உள்ளங்கையில் வைத்து உருட்டுகிறேன்.

பிழை எப்படி நேர்ந்தது என்று ஒரு கட்டம்.
இரண்டு விரற்கடை உயரம்.

மற்றவர்களுக்காவது தீ இருக்கிறது.
எழுபத்து மூன்றில் செயின்ட் லூயிஸில்
ஆறாம் மாடி எரிந்தபோது
பழைய சிப்பாய்களின் கோப்புகள் சாம்பலாயின.
என்னுடையது எரியவில்லை.
முழுதாக, சுத்தமாக,
தப்பாக இருக்கிறது.

பச்சை அட்டை வந்த ஏழாம் மாதம்
பட்டாளத்துக்கு அழைத்தார்கள்.
குடும்பப் பெயர் என்ன என்றான் மேசைக்காரன்.
அப்படி ஒன்று இல்லை, முன்னெழுத்துதான் என்றேன்.
அந்த எழுத்தை விரி என்றான்.
விரித்தேன்: சிதம்பரதாணு.
அட்டையில் இடம் போதாமல்
தாணு வெளியே நின்றார்.
அதன்பின் பட்டியல் வாசித்த காலையெல்லாம்
அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள்.
அவர் நாகர்கோவில் தபாலாபீசில்
முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.
உள்ளேன் என்றவன் நான்.

கூட இருந்தவர்களுக்கு
கோலப்பன் நடுவில் ஒடிந்து கோல் ஆனான்.
எங்கள் மொழியில் ஊன்றும் தடிக்கு அதுதான் பேர் என்றேன்.
சிரித்தார்கள். இப்போது ஊன்றுகிறேன்.

அறுபத்தொன்பது பிப்ரவரி, தாய் நின்.
மழையில்லாத மாதம்.
டெல்பர்ட் என் சட்டையைக் கிழித்துக் கட்டுப்போட்டான்.
காயச்சீட்டில் எழுதினான்:
கோல். பிறகு அப்பனுக்கு ஒற்றை எழுத்து, ஏ.
ஹெலிகாப்டர் காற்றில் அந்தச் சீட்டு
வழிநெடுக என் கன்னத்தில் அறைந்தது.

அடுத்த பிளாட்டூனில்
ஆல்வின் கோல் என்று ஒருவன் இருந்தான்.

இவ்வளவுதான் பிழை.
கண்டுபிடிக்க ஐம்பத்து நான்கு வருஷம்.

தோளில் இரும்பு இருக்கிறது, எம்.ஆர்.ஐ. கூடாது
என்கிறது அரசு மருத்துவமனைக் காகிதம்.
காயம் பட்டதாகப் பதிவில்லை
என்கிறது அதே அரசின் இன்னொரு காகிதம்.
இரண்டிலும் அதே கழுகு.
சாட்சி வேண்டும் என்றார்கள்.
டெல்பர்ட் போன மார்ச்சில்
நெப்ராஸ்காவில் இறந்துவிட்டான்.

முன்னாள் வீரர் அலுவலகத்து ஹாக்ஸ்ட்ரம் நல்ல மனிதர்.
ஆல்வின் பெயரை எழுதுங்கள் என்றார்,
பதக்கம் தவறான ஆளுக்குப் போனதென்று
ஒரே வரி, மூன்று மாதத்தில் முடியும்.

எழுதுமுன் டிகேட்டர் வரை ஓட்டிப்போனேன்.
மகள் லோரெட்டா கதவைத் திறந்தாள்.
அப்பாவுடன் இருந்தவரா என்று
கோட்டை வாங்கி மாட்டினாள்.
மீன் பிடிக்கும் படத்துக்குப் பக்கத்தில்
கண்ணாடிக்குள் என் பதக்கம்.
நினைத்ததைவிடச் சிறிது.

அப்பா இதைப் பற்றி வாயே திறந்ததில்லை என்றாள்.
தொண்ணூற்றொன்றில் போய்விட்டாராம்.
எங்கே பட்டது என்று கேட்டேன்,
கேட்டிருக்கக் கூடாது.
உடம்பில் வடு பார்த்ததில்லை,
உள்ளே இருந்திருக்கும் என்றாள்.

உள்ளேதான் இருக்கும் என்றேன்.
காப்பி ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

கோரும் திருத்தம்:
சேர்க்கவும். எங்கிருந்தும் எடுக்க வேண்டாம்.
பிழை எப்படி நேர்ந்தது:
என் பெயர் நீளம்.

இது போதாது என்பார் ஹாக்ஸ்ட்ரம்.
போதாதுதான்.

தபாலாபீசில் பதிவு செய்த பெண்
பெயரைக் கேட்டுத் தட்டினாள்.
வாசல்வரை வந்து ரசீதைப் பார்த்தேன்.
கோலபன்.

மறுபடி வரிசையில் நின்றேன்.