ஒன்றும் செய்யாவிட்டால்

குரெசாரே துறைமுகத்தில் பனிக்கட்டி இன்னும் விலகவில்லை.
வேனின் சூடேற்றி செத்து இரண்டு வாரம்.
ஊரார் படகுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன்
தன் வண்டியைப் பார்க்க மாட்டான்.

ஸ்டியரிங்மேல் துண்டுச் சீட்டை வைத்து
வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.
டீசல் வடிகட்டி வாங்கிய ரசீதின் பின்பக்கம்
மூன்று கேள்விகள், கிரீஸ் கறையோடு.

மருத்துவர் ஈவி ராண்ட் என் மகளைவிட இளையவர்.
திரையைப் பார்த்தபடி சொன்னார்:
'முட்டிச் சவ்வு கிழிந்திருக்கிறது, ஹெல்தூர்.
சின்னத் துளை, கேமரா, சுத்தம் செய்துவிடலாம்.
மே மாதம் இடம் இருக்கிறது. போட்டுவிடவா?'

போட்டுவிடவா.
இன்னும் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு போடவா என்பதுபோல.
'ம்' சொல்ல நாக்கு தயாராகவே இருந்தது.
அறுபத்தோரு ஆண்டுகளாக
வெள்ளைக் கோட்டைக் கண்டால் 'ம்' சொல்லியே வளர்ந்த நாக்கு.

சீட்டு சட்டைப்பையில் மொறமொறத்தது.
முதல் கேள்வியைக் கேட்டேன். கேட்டேன் என்றால்,
தொண்டையில் சிக்கி, இருமி, அப்புறம்தான்:
'ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்?'

விசைப்பலகையில் விரல்கள் நின்றன.
எதிர்க் கூரையில் ஒரு கடற்காகம்
இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து முடித்தது.
நாங்கள் பேச்சைச் சேமித்து வைக்கும் ஜனம்,
எங்கள் கணக்குக்கே அது நீண்ட மௌனம்.

'பெரிதாக ஒன்றும் ஆகாது,' என்றார்.
'உங்கள் வயதில், வலியே இல்லாதவர்கள் முட்டியிலும்
இதே கிழிசல் தெரிவதுண்டு.
தொடைத் தசையை மூன்று மாதம் பழக்கிப் பாருங்கள்.
கத்தி தருவதை அதுவே தந்துவிடலாம்.
சத்தியம் செய்ய மாட்டேன்.'

'அப்படியானால் ஏன்...'
இது சீட்டில் இல்லாத கேள்வி.

நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.
அதுவரை அது திரும்பும் என்றே எனக்குத் தெரியாது.
'வெறுங்கையோடு அனுப்பினால்
படியில் நின்று ஃபோனில் சொல்வார்கள்,
"போனேன், ஒன்றுமே செய்யவில்லை" என்று.
இந்த ஜன்னல் வரை கேட்கும்.
நீங்களும் அறுவைக்குத்தான் வந்தீர்கள் என்று நினைத்தேன்.'

எண்டெலின் படகு ஞாபகம் வந்தது.
எஞ்சினில் ஏதோ சத்தம் என்று
கையில் பணத்தோடு நின்றான்.
காது வைத்துக் கேட்டேன்: தளர்ந்த ஒரு தகடு, அவ்வளவுதான்.
இருந்தும் திறந்தேன்.
அவன் திறக்கச் சொல்லி நின்றான்,
நான் திறக்கத் தெரிந்தவன்.
பூட்டிய பிறகு அது பழைய குரலில் பேசவே இல்லை.
யாரிடமும் சொல்லாத இதை
ஈவி ராண்டிடம் சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.

'உங்கள் முட்டியாக இருந்தால்?'
'காத்திருப்பேன். மடங்கிய இடத்தில் பூட்டிக்கொண்டாலோ
வீங்கிச் சூடானாலோ அன்றே வருவேன்.'
ரசீதில் எழுதிக்கொண்டேன்.
'பூட்டு' என்ற சொல்லுக்குக் கீழே கோடு.

எழுந்தேன். பாதி நிம்மதி, பாதி கர்வம்.
'உட்காருங்கள்,' என்றார்.
புஜத்தில் பட்டை சுற்றி அழுத்தினார்.
மறு கையில் இன்னொரு முறை.
பழைய கோப்பைப் புரட்டினார்:
'இரண்டு வருடமாக இதே எண்கள்.
இதற்கு மாத்திரை வேண்டும்.'

பழகிவிட்டதே, உடனே கேட்டேன்:
'ஒன்றும் செய்யாவிட்டால்?'

இந்த முறை கடற்காகம்
ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை,
பதில் வந்துவிட்டது.

மருந்துக்கடையில் வரிசை.
எனக்கு முன்னால் நின்றவள்
கவுண்டரில் சொல்வதற்கெல்லாம்
'ம்', 'ம்' என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.
மூன்றாவது கேள்வி கேட்கப்படாமல்
என் பையில் அப்படியே இருந்தது.
பேனாவும்.