சுவிட்ச் இருக்கும் பக்கம்

திங்கட்கிழமை விமானத்தில் எட்டே இருக்கைகள்.
போன வருடம் அம்மா வேலிவரை வந்து நின்றாள்.
சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும்வரை
உயர்த்திய கையை இறக்கவில்லை.
இந்த வருடம் கிடாவுக்குக் குளம்பில் புண்,
மருத்துவர் வரும் நேரம்.
வண்டியை விட்டு இறங்காமலே
ஹாரனை இரண்டு தட்டு தட்டினாள்.
அவ்வளவுதான்.
எனக்கும் அவ்வளவுதான் என்று இருந்தேன்.

கீழே கடல், அதில் உடைந்த பிஸ்கட் மாதிரித் தீவுகள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்,
ஒரு தபால்பெட்டி.
பதினைந்து நிமிடத்தில் கிர்க்வால்.

பள்ளி வாசலில் புதுப் பிள்ளைகளுக்குப்
பச்சை அட்டையில் வரைபடம் தருகிறார்கள்.
எனக்கும் தந்தார்கள், போன ஆகஸ்டில்.
மடித்து மடித்து
மடிப்போடு வேதியியல் அறையே கிழிந்து போயிற்று.
அப்போது தாமதமாகப் போனால்
"பாவம், தீவிலிருந்து வருகிற பிள்ளை."
இப்போது தாமதமாகப் போனால்
தாமதம்.

ஃபூபிஸ்டர் சார் போன வருடம்
பின்னத்துக்கு நிஜமாகவே கேக் வாங்கி வந்து வெட்டினார்.
எட்டில் மூன்று பாகம் என் பக்கத்து மேசைக்குப் போனது
இன்னும் நினைவிருக்கிறது.
இந்த வருடம் பலகை நிறைய எக்ஸ்.
"இது உங்களுக்குத் தெரிந்ததுதானே" என்று
திரும்பிப் பாராமல் எழுதிக்கொண்டே போகிறார்.
தெரியாது சார்.
தெரியாது என்று சொல்ல இருந்த அவகாசம்
ஜூனோடு முடிந்துவிட்டதாம்,
அதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

முதல் வருடத்துப் பிள்ளைகள் தொலைந்து போகிறார்கள்;
அது ஒரு வேலை.
நான்காம் வருடத்தார் பரீட்சை என்று சொல்லித்தான்
மூச்சே விடுகிறார்கள்.
எங்களுக்கு என்ன வேலை என்று
எந்த அறிவிப்புப் பலகையிலும் இல்லை.
ரெண்டுங்கெட்டான் என்ற சொல்லை
எவரோ ரெண்டாம் வருடத்தில்
மாடிப்படி நடுவே நின்றுதான் கண்டுபிடித்திருக்க வேண்டும்,
ஏறுகிறவர்கள் ஒரு இடி,
இறங்குகிறவர்கள் ஒரு இடி.

தோரா இப்போது விடுதியில் இல்லை.
சித்தி வீடு, ஊருக்குள்ளேயே.
சாப்பாட்டுக் கூடத்தில் ஹாக்கிப் பெண்களோடு மூன்றாவது மேசை.
போன வருடம் ஒரே தட்டு சிப்ஸை
எண்ணிப் பங்கிட்டவர்கள் நாங்கள்,
ஒற்றைப்படை வந்தால் கடைசியைப் பாதியாகக் கிள்ளி.
சண்டை ஒன்றும் இல்லை.
என்னைப் பார்த்தால் கை அசைக்கிறாள்.
அந்த அசைப்பு
முழங்கையைத் தாண்டி வருவதில்லை.

விடுதியில் என் பக்கத்துக் கட்டிலுக்கு
மெரன் என்று ஒரு புதுப்பெண்.
துவைக்கும் இயந்திரத்தின் முன்
கால் மணி நேரமாக நின்றிருக்கிறாள்.
மூன்றாவது பொத்தான், என்றேன்.
நான்காவதை அழுத்தினால்
கம்பளிச் சட்டை பொம்மைக்குத்தான் ஆகும்.
"உனக்கு எப்படித் தெரியும்?"
எனக்கு எங்கே தெரியும்,
என் சட்டைக்குத் தெரியும்.
சிரித்தாள். மூக்கு இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.
நான் கேட்கவில்லை.

இரண்டு வெள்ளிக்கிழமை மூடுபனி, விமானம் இல்லை.
மூன்றாவது வெள்ளி வீடு வந்து சேர்ந்தேன்.
ஆட்டிறைச்சி சூப், அப்பாவின் ஈரமான பூட்ஸ்,
வானொலியில் காற்றின் வேகம்.
மாடிக்குப் போய் என் அறைக் கதவைத் திறந்து
விளக்கைப் போட்டேன்.
விளக்கு எரியவில்லை.
வலப்பக்கச் சுவரை
உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தேன்,
காகிதப் பூக்கள் கைக்குச் சொரசொரவென்று.
விடுதியில் சுவிட்ச் வலப்பக்கம்.
பன்னிரண்டு வருடம் தூங்கி எழுந்த அறையில்
அது இடப்பக்கம்.

"என்ன தேடுறே?" கீழிருந்து அப்பா.
ஒண்ணுமில்லே.
இருட்டில் கொஞ்சம் நின்றேன்.
யாரைக் கேட்டு இந்தக் கை
அங்கே குடிபோனது?

ஞாயிறு இரவு, பையைக் கட்டி முடித்துவிட்டு,
இடக்கையால் போட்டேன்.
அணைத்தேன். போட்டேன். அணைத்தேன்.
மறுபடியும் போட்டேன்.
"கரண்ட் பில் யாரு கட்டுறதாம்?"
அணைத்தேன்.

நாளை விமானம் எட்டரைக்கு,
மூடுபனி இல்லாவிட்டால்.